கால் டேங்க் எண்ணெய்

எங்கள் தேயிலை ஃபேக்டரிக்குள் பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது. செண்ட் அடித்துக்கொண்டோ, தலைவலித் தைலம் தேய்த்துக்கொண்டோ போனாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பறித்து வந்த பச்சைக் கொழுந்து பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் வாங்கிக்கொள்ளும். வாங்கியதை அப்புறம் விடாது. தூளாகிக் கோப்பைக்கு வந்த பிறகும் காட்டிக்கொடுத்துவிடும்.

மேல்மாடியில் கொழுந்து வாட்டும் தொட்டிகளை வருஷக் கணக்கில் பார்த்துக்கொண்டவர் என் அப்பா. இந்த விஷயத்தில் அவருக்கு முகதாட்சண்யம் கிடையாது. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், முகத்தில் பவுடர் வாசனை வருகிறது என்று பெற்ற மகளையே எல்லார் முன்னாலும் கழுவிவிட்டு வரச் சொன்னார். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த அப்பா செத்துப் பதினாறு கும்பிடுவதற்குள், அதே மாடியில், அவர் நின்ற அதே தொட்டியில், என் தம்பி தன் காரின் பெட்ரோல் டேங்கைக் கொண்டுபோய் வைத்தான்.

தம்பி அதே ஃபேக்டரியில் ஃபிட்டர். முப்பத்தைந்து வயது. பெண் பார்க்கப் போகலாம் என்று அம்மா பேச்செடுத்தால் கார் அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். இவனுக்கு அந்தக் காரோடுதான் முடிச்சுப் போட்டிருக்கிறது என்று நான் சொல்லாத நாளில்லை. வெளியே பார்த்தால் சாயம் போன பழைய உள்ளூர்க் கார். உள்ளே இருந்தது வேறு எஞ்சின். பக்கத்து ஊரான திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருந்த ஒரு கூட்டாளி மூலம் வந்தது, டர்போ வைத்தது. அதற்கு எண்ணெய் தள்ள ஒரு பெரிய பம்ப். பெட்ரோலை எங்கள் பக்கம் எண்ணெய் என்றுதான் சொல்வோம். இத்தனை குதிரை சக்தி, அத்தனை குதிரை சக்தி என்று அவன் பீற்றிக்கொள்ளும்போது, நம்ம லயத்து வரிசை வீடுகளில் ஒரு ஆடு கட்ட இடமில்லை, நீ எங்கேடா இவ்வளவு குதிரையைக் கட்டப்போகிறாய் என்பேன். சிரிப்பான். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பான்.

அந்தக் காருக்கு அவன் ஒருநாளும் டேங்க் நிறைய எண்ணெய் ஊற்றியதில்லை. வேகக்காரர்களின் கணக்கு அது. எண்ணெய் நிறைந்தால் பாரம் கூடும், பாரம் கூடினால் மேட்டில் கார் சுணங்கும். அதனால் கால் டேங்க், மிஞ்சிப்போனால் அரை டேங்க். இது லயத்தில் எல்லாருக்கும் தெரியும். எஞ்சினுக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு எண்ணெய்க்குக் கஞ்சத்தனம் பிடிக்கிறான் பார் என்று கேலி பேசுவார்கள். அந்தக் கேலி பின்னால் எப்படித் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்.

எங்கள் லயம் பள்ளத்தில் இருக்கிறது. மெயின் ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் தேயிலைச் சரிவில் வளைந்து வளைந்து ஏறும் ஒற்றைப் பாதைதான் உண்டு. இரண்டாவது வளைவு படு செங்குத்து. லயத்துக் கோடியில் நின்று பார்த்தால் அந்தப் பாதை முழுக்கத் தெரியும்.

பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. நான் கல்யாணமாகி அடுத்த லயத்தில் இருக்கிறேன். அம்மா ஆள் அனுப்ப, ஓடிப் போனேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனால் விடுமுறை என்றால் மலைக்கு வருகிற கார்கள் டவுனிலிருந்து எங்கள் பக்கத்துக் கோலா தெர்லா வரைக்கும் ஒட்டி நிற்கும். ஆம்புலன்ஸ் பறந்தா வரும்? நம்ம காரில் கொண்டுபோய்விடலாம், குறுக்கு வழியெல்லாம் எனக்குத் தெரியும் என்றான் தம்பி. சரியான முடிவுதான் அது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அப்பாவின் தலையை அம்மா மடியில் வைத்துப் பின் சீட்டில் படுக்க வைத்தோம். பாரம் கூடினால் மேட்டில் சுணங்கும் என்று தம்பி என்னை ஏற்றவில்லை. நான் லயத்துக் கோடியில் நின்றேன்.

கார் சீறிக்கொண்டு ஏறியது. முதல் வளைவைத் தாண்டியது. இரண்டாவதில் இருமியது. நின்றுவிட்டது. பின்னால் உருண்டு சமதரைக்கு வந்தது. உடனே எஞ்சின் பிடித்தது. மறுபடி ஏறியது, அதே இடத்தில் நின்றது. மறுபடி உருண்டு வந்தது. நான் கீழே நின்று என்னென்னவோ கத்தினேன். யாருக்குக் கேட்கும்? கடைசியில் கொழுந்து ஏற்றிக்கொண்டு வந்த தோட்டத்து லோரியை நிறுத்தி, கொழுந்து மூட்டைகள் மேல் அப்பாவைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். லோரி மெதுவாக, நிற்காமல் ஏறிப் போனது.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அப்பா போய்விட்டார்.

நான் பின்னாலேயே ஒரு மோட்டார் சைக்கிள் பிடித்துப் போனபோது அம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள்.

"எண்ண ஊத்தலையாய்யான்னு கேட்டாரு. அதையே கேட்டுக்கிட்டே கண்ண மூடிட்டாரு."

அப்பா எதையும் கடைசி நேரத்துக்கு விடுகிற ஆள் கிடையாது. குடையை வெயிலில் பழுது பார்த்து வைப்பார். காலி கேஸ் தோம்போடு, அதாவது சிலிண்டரோடு, அவர் வீட்டில் ஒருநாள்கூட இருந்ததில்லை. அப்படிப்பட்டவர், பெற்ற பிள்ளை வண்டியில் எண்ணெய்கூடப் போடாமல் வைத்திருந்தான் என்று நினைத்துக்கொண்டே போனார். அம்மாவுக்கு ஆறவே ஆறாதது அதுதான். சாவு வரும், வயசாகிவிட்டது, அதை அவள் தாங்கிக்கொள்வாள்.

எண்ணெய் இருந்தது என்று தம்பி ஒரே ஒரு தடவை சொன்னான். கொள்ளி வைத்துவிட்டு வந்த அன்று, வாசலில் நின்று சொன்னான். ஒருவரும் அதைக் காதில் வாங்கவில்லை. நானும்தான். ஓடாத வண்டியில் எண்ணெய் இருந்தது என்றால் யார் நம்புவார்கள்? அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை. அம்மா அவனுக்குத் தட்டில் சோறு வைப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். அந்தக் கார் நிற்கும் பக்கம்கூடப் போகாமல் சுற்றிக்கொண்டு குழாயடிக்குப் போவாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். லோரி சொல்லு, அவன் வண்டியில் நான் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று என்னிடம் சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளையிடம் அவள் இனிமேல் பேசுவாளா என்றே எனக்குப் பயமாகிவிட்டது.

இந்த நிலையில் அவன் என்ன செய்தான் தெரியுமா? காருக்கு அடியில் படுத்து டேங்கைக் கழற்றினான். துக்க வீட்டில் ஸ்பானர் சத்தம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஸ்பானரை எடுத்தே ஒரு போடு போட்டிருப்பேன். அப்பனை வழியில் விட்ட கார், அதற்கு இன்னும் சீர் செய்கிறாயா என்று கேட்டேன். அவன் டேங்கிலிருந்த எண்ணெயை ஒரு பிளாஸ்டிக் கேனில் வடித்து, மூடி, பின்கட்டுப் படியோரம் வைத்தான். காலையில் அம்மா பாத்திரம் கழுவப் போகும்போது அந்தக் கேனைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போவாள். எல்லாம் முடிந்த பிறகு வாங்கிவந்து ஊர் பார்க்க வைத்திருக்கிறான் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டேங்கைச் சோப்புத்தூளும் சுடுதண்ணீரும் விட்டுக் கழுவினான். கொட்டினான், மறுபடி கழுவினான். பிறகு ஃபேக்டரி பட்டறைக்குக் கொண்டுபோய் மேல் தகட்டைக் கைரம்பத்தால் மெதுவாக அறுத்துத் திறந்தான். உள்ளே ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகளை நிறுத்தினான். பம்ப் உறிஞ்சுகிற இடத்தைச் சுற்றி ஒரு சின்னப் பெட்டி வைத்தான். அதற்கு உள்பக்கம் மட்டும் திறக்கிற ஒரு கதவு. எண்ணெய் உள்ளே போகலாம், வெளியே ஓட முடியாது. எஞ்சின் குடித்தது போக மிச்சம் திரும்பி வருகிற குழாயையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே விட்டான். மூடி வெல்டிங் வைக்கும் முன்பு விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிரப்பினான். காலி டேங்கில் ஆவி தங்கியிருந்தால் வெல்டிங் பொறி பட்டதும் குண்டு மாதிரி வெடிக்கும். தண்ணீர் நிறைந்திருந்தால் ஆவிக்கு இடமில்லை. தீ என்றால் அவனுக்கு அவ்வளவு ஜாக்கிரதை. அதில்தான் வந்தது வினை.

வெல்டிங் முடிந்தது. தண்ணீரைக் கொட்டியாகிவிட்டது. ஆனால் உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் எண்ணெயோடு கலந்து எஞ்சினைக் கெடுத்துவிடும். எங்கள் மலையில் எதுதான் காய்கிறது? மழை மாதத்தில் பள்ளிக்கூடச் சட்டை மூன்று நாள் கொடியில் தொங்கினாலும் பிழிந்தால் தண்ணீர் வரும். அதனால் லயத்து ஆட்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகளின் சப்பாத்து, காலுறை, போர்வை எதுவானாலும் ஃபேக்டரி அடுப்பறைக்குக் கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்துவிடுவோம். இரண்டு மணி நேரத்தில் அப்பளமாகக் காய்ந்துவிடும். துரைக்கும் இது தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். துரை என்றால் இப்போது நம்ம ஆள்தான். மேனேஜர் யார் வந்தாலும் எங்களுக்கு அவர் துரை.

தம்பியும் டேங்கை அங்கேதான் தூக்கிப் போனான். அடுப்பின் முன்னால் போனதும் அவனுக்குப் பயம் வந்துவிட்டது. எவ்வளவு கழுவினாலும் தகட்டு இடுக்கில், துருவில், கொஞ்சம் எண்ணெய் ஒட்டியிருக்கும். தீ இருக்கும் இடத்தில் அதை வைக்கலாமா? வைக்கக் கூடாது. தீ இல்லாத, ஆனால் வெதுவெதுப்பான காற்று வீசுகிற இடம் எது என்று யோசித்தான். மேல்மாடி. வாட்டும் தொட்டிக்கு அடியில் பெரிய காற்றாடி சாயங்காலத்திலிருந்து விடிகாலை வரை சூடான காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். காற்று வலைக்குக் கீழே நுழைந்து, மேலே பரப்பிய கொழுந்து வழியாக வெளியேறும். அந்தக் காற்றாடியை எத்தனையோ தடவை பழுது பார்த்தவன் அவன். ஃபிட்டர் கண்ணுக்கு அந்தத் தொட்டி ஒரு மோட்டார், ஒரு காற்றாடி, நல்ல காற்று, அவ்வளவுதான். மேலே கொழுந்து இருக்கிறதே என்று அவனுக்குத் தோன்றவில்லை. பவுடருக்கே பெண்களைத் திருப்பி அனுப்பிய மனிதரின் பிள்ளை, காற்றாடி முன்னால் பெட்ரோல் டேங்கை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டான்.

காலையில் மாடிக் கதவைத் திறந்தது நான்தான். வாட்டிய கொழுந்துக்கு ஒரு வாசம் உண்டு, பழுத்த கொய்யா மாதிரி இனிப்பாக இருக்கும். அன்றைக்கு முதல் மூச்சிலேயே பெட்ரோல் பங்கில் நிற்கிற மாதிரி இருந்தது. ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தேன். முழுத் தொட்டியும் போயிற்று. குனிந்து பார்த்தால் டேங்க். யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.  வேலை போனால் வீடும் போகும். லயத்து வீடு தம்பியின் வேலையோடு கொடுத்தது. அப்பாவுக்குக் காரியம்கூட முடியவில்லை, அம்மா சட்டி பானையோடு தெருவில் நிற்பாளா என்று நினைத்தேன்.

நான் கீழே இறங்குவதற்குள் தம்பியே வந்துவிட்டான். வாசலிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே ஆபீசுக்குப் போனான். பின்னாலேயே நானும் போனேன். நான்தான் வைத்தேன் துரை என்றான். அவர் கேட்பதற்கு முன்பே சொன்னான். அவர் திட்டவில்லை. துக்க வீட்டு ஆள் ஆயிற்றே. ஏன் என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்குத்தான் அவன் பேசினான். மேஜைமேல் இருந்த தண்ணீர் போத்தலை எடுத்து, கால் பங்கு இருக்கும்படி விட்டு, படுக்க வைத்து, ஒரு முனையைத் தூக்கிக் காட்டினான்.

"எண்ண இருந்துச்சு துரை. மேடு ஏறுறப்ப அம்புட்டும் பின்பக்கமா ஓடிருச்சு. பம்ப் இருந்தது முன்னால. பெரிய பம்ப், கிட்ட இருந்ததை ஒரே இழுப்புல இழுத்துருச்சு, அப்புறம் காத்துதான். உருண்டு கீழ வந்தா எண்ண திரும்பி வந்துரும், காடி ஸ்டார்ட் ஆயிரும். ஏறுனா மறுபடி ஓடிரும். எஞ்சினை மாத்துன நான் டேங்கை மாத்தல. எங்கப்பா எண்ண ஊத்தலையான்னு கேட்டாரு. இருக்குப்பான்னு சொன்னேன். அவரு நம்பல."

 போத்தலை மேஜைமேல் வைத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பி நின்றான். நான் அந்தப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார் உருண்டு வந்ததையும், உடனே பிடித்ததையும், மறுபடி நின்றதையும் என் இரண்டு கண்ணால் பார்த்தவள் நான். எண்ணெயே இல்லாத வண்டி சமதரையில் எப்படிப் பிடிக்கும்? இத்தனை நாள் எனக்கு அது உறைக்கவே இல்லை.

 துரை கொழுந்து முழுதையும் குழியில் கொட்டச் சொன்னார். தம்பியை ஃபேக்டரியிலிருந்து எடுத்து மலையில் கொழுந்து வெட்டும் மெஷினுக்குப் போட்டார். வீட்டைப் பற்றிப் பேசவில்லை. அது போதும் எங்களுக்கு. அந்தக் கொழுந்தைப் பறித்த பெண்களும் வங்காளதேசத்துப் பையன்களும் குழியோரம் நின்று பார்த்தார்கள். மழையில் நனைந்து பறித்தது. தம்பி அவர்கள் முன்னால் நின்று தானே மண்வாரியால் தள்ளிக் கொட்டினான்.

நான் நேரே அம்மாவிடம் போனேன். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். துரை முன்னால் தம்பி சொன்னதை அப்படியே சொன்னேன். பம்ப், டேங்க் என்றதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. எண்ணெய் இருந்தும் நின்றுவிட்டது என்றேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"மண்ணெண்ணெ அடுப்பு மாதிரியா?"

எனக்கு உடனே புரியவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. கேஸ் வருவதற்கு முன்பு இதே அடுப்படியில் மண்ணெண்ணெய் அடுப்பு இருந்தது. தரை ஒரு பக்கம் சாய்வு. எண்ணெய் குறைந்தால் பாதியில் நெருப்பு அவிந்துவிடும். அம்மா அடுப்பின் ஒரு காலுக்குக் கீழே பலகைத் துண்டைச் செருகுவாள், மறுபடி எரியும். எத்தனை நாள் அதைச் செய்தவள் அவள்!

ஆமாம்மா, அதே மாதிரிதான் என்றேன்.

எழுந்து பின்கட்டுக்குப் போனாள். படியோரம் இருந்த கேனைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். பாரம் தாங்காமல் இரண்டு கையாலும் பிடித்தாள். இவ்வளவுமா இருந்தது என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கேனைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அப்பா செத்ததற்கு அதுவரை அவள் அப்படி அழவில்லை. எனக்கும் தாங்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

தம்பியிடம் அவள் அன்றைக்கும் பேசவில்லை. சாப்பிடும்போது முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். டேங்க் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். என் தலைமுடி காயவைக்கும் மெஷினைக் கொடுத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து அதால் ஊதி ஊதிக் காயவைத்தான். மெஷின் புகைந்து செத்துப்போனது.

பதினாறாம் நாள் காலை லோரி வந்து நின்றது. சொந்தக்காரர்கள் ஏறினார்கள். சாமான்கள் ஏறின. நான் அம்மாவுக்குக் கை கொடுக்கத் திரும்பினால் ஆள் இல்லை. காரின் பின் கதவைத் தானே திறந்து, அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தம்பி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றான், உள்ளே ஏறத் தெரியாதவன் மாதிரி. நான் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று அம்மா கேட்டாள். அப்பா செத்த பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது. கேனில் இருந்ததைத்தான் ஊற்றினேன், அதற்குமேல் ஒரு சொட்டுக்கூட இல்லை என்றான். சரி, எடு என்றாள்.

முதல் வளைவு. இரண்டாவது வளைவு.  கார் இருமவில்லை. சீராக ஏறியது. செங்குத்தான அந்த இடம் வந்ததும் அம்மா நிறுத்தச் சொன்னாள்.  அங்கே நிறுத்தத் தம்பிக்குப் பயம். ஆனாலும் கைபிரேக்கை இழுத்து நிறுத்தினான். எஞ்சின் நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கொஞ்ச நேரம் அதைக் கேட்டாள். பிறகு தன் மடியைப் பார்த்துக் குனிந்தாள். அன்றைக்கு அப்பாவின் தலை இருந்த இடம் அது.

"ஏங்க, எண்ண இருந்துச்சுங்க. புள்ள ஊத்தித்தான் வச்சிருந்தான்" என்றாள்.

பிறகு தம்பியின் தோளில் கை வைத்து, போலாம்பா என்றாள்.